கூந்தல் மேலாடை

பஞ்சு கூடாது, பட்டு கூடாது, கம்பளி கூடாது. கடையில் வாங்கிய நூல் ஓர் இழைகூடக் கூடாது. தென்காசியில் நான் படித்த பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கைத்தொழில் டீச்சர் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே எழுதினார்: "உடுத்திக் காட்ட வேண்டும்."

ஆவணியில் பள்ளியில் கண்காட்சி. முதல் நாள் ஊரார் பார்ப்பதற்கு. இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டரம்மா வருவார். அவரவர் செய்த உடையை அவரவரே உடுத்தி அவர் முன்னால் நடக்க வேண்டும். அந்த வருஷத்துக் கைத்தொழில் மதிப்பெண் முழுவதும் அந்த நடைக்குத்தான்.

எனக்கு அது மற்றவர்களுக்கு இருந்ததுபோல இருக்கவில்லை. எழுத்துப் பரீட்சை எதை வைத்தாலும் நான்தான் முதல். ஆனால் முந்தைய ஆண்டு தக்ளியில் பஞ்சு நூற்பதில் தவறியிருந்தேன். என் கையில் நூல் ஒரு சாண் வருவதற்குள் அறுந்துவிடும். இந்த முறையும் தவறினால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளியும் என்னை வகுப்பறைக்குள் விடாது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அம்மா பெண்கள் குளிக்கிற பக்கத்தில் சீயக்காய்த் தூள் விற்பாள், அவர்கள் அவிழ்த்து வைக்கிற துணிமணிக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாள். பள்ளியில் யாராவது கேட்டால் "அப்பாவுக்கு எண்ணெய் வியாபாரம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு வாரத்துக்குள் வகுப்பில் எல்லாரும் தங்கள் நாரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாழைநாரை ஐந்து பேர் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தென்னை மரத்துப் பன்னாடையைச் சேர்த்துத் தைத்து ரவிக்கை செய்யப் போவதாகச் சொன்னாள். ஒருத்தி புளிச்சைத் தண்டுகளைக் குளத்தில் ஊறப்போட்டு, நாலு நாள் வகுப்பு முழுவதும் நாற்றம் அடிக்க வைத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதி கடையநல்லூர்க்காரி. அவள் வாப்பா தறி நெய்கிறவர். அவள் கற்றாழை நாரை அடித்து, சீவி, வெயிலில் உலர்த்திக்கொண்டு வந்தபோது அது வெள்ளிக்கம்பி மாதிரி மின்னியது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு மூலையில் ஒரு சாக்கு தொங்கும். சாரல் காலத்தில் அது நிறையும். அருவியில் பெண்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற இரும்புக் கம்பியிலும், தண்ணீர் ஓடுகிற பாறை இடுக்குகளிலும் உதிர்ந்த முடி கற்றைகற்றையாகச் சிக்கிக்கொள்ளும். கூட்டம் குறைந்த பிறகு அம்மா ஒரு குச்சியால் அதையெல்லாம் சுருட்டி எடுத்து வந்து காயப்போடுவாள். சவுரி கட்டுகிறவர் திருநெல்வேலியிலிருந்து வந்து எடுத்துப் போவார். அருவியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அருவிக்குக் கீழே ஓடையில் இருக்கிற இரண்டாம் பாறையைத் தாண்டி வந்துவிட்ட பொருள் எதுவானாலும், துண்டோ, சோப்போ, முடியோ, அதை எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் துணியில் சுற்றி வருவதை மட்டும் தொடக்கூடாது. அது யாரோ நேர்ந்துவிட்டது. அது எதிரே வந்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வழிவிட்டு நிற்பார்கள்.

சாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஞ்சு இல்லை. பட்டு இல்லை. ஆட்டு மயிரும் இல்லை.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தலைமுடியா?"

"விதியிலே கூடாதுன்னு இல்லையே டீச்சர்."

"இல்லைதான்" என்றார். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எழுதியதெல்லாம் எப்போதோ அழிக்கப்பட்டிருந்தது. "சரி. சுத்தமாக இருக்கட்டும்."

சிநேகிதி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி, உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? எங்க உம்மா உதிர்ந்த முடியை விரல்ல சுத்தி, மூணு தடவ துப்பி, செவத்து ஓட்டையில சொருகி வைப்பாவ. எவளாவது எடுத்து என்னமாம் செஞ்சிருவாளோன்னு பயம். நீ ஊர்ப்பட்ட பேரு முடியையும் எடுத்து மேல போட்டுக்கிடுதேன்னு சொல்லுத."

"நான் துப்பிட்டுப் போட்டுக்கிடுதேன்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

முடியைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, சீயக்காய் போட்டு மூன்று முறை அலசினேன். கருப்பு, செம்பட்டை, நரை என்று பிரித்தேன். தொடையில் வைத்து உருட்டி முறுக்கினேன். தக்ளியில் அறுந்துகொண்டே இருந்த என் கைக்கு இது வசப்பட்டது. ஒரு முடி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு போவதை விரலில் உணர முடிந்தது. வகுப்பில் கொடுத்த ஆணிச் சட்டத்தில்தான் நெய்ய வேண்டும். தோளிலிருந்து இடுப்புவரை தொங்குகிற மேலாடை, கழுத்தில் நாலு முடிச்சு. ஆனால் சிநேகிதி வந்து இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"குறுக்க ஓடுத ஊடைக்கு இது போதும். நெடுக்க ஓடுத பாவுக்கு ஆகாது. குட்டை முடியெல்லாம் உருவிக்கிட்டு வந்துரும். முதுகுப் பக்கம் முழுசுக்கும் நீளமா வேணும் பாத்துக்கோ. ஒரே தலையில வளந்த முடியா இருந்தா நல்லது."

அன்று முதல் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். நீளமாக வேண்டும், நீளமாக வேண்டும் என்று காலையிலும் சொன்னேன், சாயங்காலமும் சொன்னேன். அம்மா, "அருவியில யாரு ஏட்டி சடையோட கழட்டிப் போட்டுட்டுப் போறா?" என்றாள். "அப்படின்னா நான் தவறிப்போறேன். உன்கூட வந்து சீயக்காய் விக்கிறேன்" என்றேன். அம்மா குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பள்ளி விட்டு வந்தபோது என் புத்தகப் பலகைமேல் ஒரு சடை இருந்தது. ஒன்றரை முழ நீளம். கைப்பிடி கனம். மேலே கருப்பு, போகப்போகச் செம்பு நிறம். மேல்முனை ஒரே வீச்சில் கத்தியால் வெட்டியதுபோலச் சீராக இருந்தது. ஈரம் உலர்ந்திருக்கவில்லை. நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சடையை அவிழ்த்து முதுகுப் பக்கத்துக்குப் பாவு போட்டேன். கீழே மிச்சம் இருந்த நுனிகளை வெட்டாமல் குஞ்சமாகத் தொங்கவிட்டேன். பதினெட்டு நாளில் நெய்து முடித்தேன். அழகாக இருந்தது என்பதை நான் ஏன் மறைக்க வேண்டும்? வெளிச்சத்தில் பிடித்தால் மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடும். என் வாழ்நாளில் என் கையால் அதைவிட அழகான ஒன்றைச் செய்ததில்லை.

முடித்ததைக் கைத்தொழில் அறையில் மூங்கில் கம்பில் மாட்டி வைத்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நெசவெங்கும் முடி நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விரல் நீளத்துக்கு, நூற்றுக்கணக்கில். கத்தரியால் ஒட்டக் கத்தரித்தேன். அடுத்த நாளும் நீட்டிக்கொண்டிருந்தன. மறுபடி கத்தரித்தேன். மூன்றாம் நாள் சிநேகிதி என் பின்னால் நின்று பார்த்தாள்.

"வளருதோட்டி?"

"செத்த முடி எப்படி வளரும்?"

"செத்தவ முடிங்கிறியா?"

"சும்மா இரு."

ஒரு முடியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் அது ஒரே திசையில் ஊர்ந்து போகும். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அதனால்தான் நெசவுக்குள்ளிருந்து அவை தாமாக வெளியே வந்தன. இதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும், காலையில் அந்த அறைக் கதவைத் திறக்கும்போது எனக்குப் பிடரி சிலிர்த்ததை அது நிறுத்தியிருக்காது.

இன்னொன்றும் இருந்தது. மேலாடையை நான் இடுப்பு அளவுக்கு நெய்திருந்தேன். சாரல் அடிக்கிற நாளில் அது இறங்கும். ஒரு விரற்கடைதான். வெயில் அடித்தால் ஏறும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்துப் பார்த்தேன். மூச்சு விடுவதுபோல அது இறங்கியும் ஏறியும் இருந்தது. ஈர நாட்களில் வாசனையும் எழும்பும். அத்தனை முறை அலசியும் போகாத எண்ணெய் வாசனை. தோள் பக்கம் விளக்கெண்ணெய், வலப்பக்கம் நல்லெண்ணெய், ஓரிடத்தில் மரிக்கொழுந்து, முதுகு முழுவதும் வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். மூக்கை நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு வீட்டு வாசலாகக் கடந்து போவதுபோல இருக்கும்.

கண்காட்சி முதல் நாள் மழை இல்லை. பெரிய கூடத்தில் மூங்கில் நட்டுக் குறுக்குக் கட்டை கட்டி அதன்மேல் உடைகளை மாட்டியிருந்தார்கள். ஊர்ச்சனம் சிரித்துக்கொண்டே சுற்றியது. பன்னாடை ரவிக்கையைப் பார்த்து ஒரு கிழவர், "இதைப் போட்டுக்கிட்டு கொல்லைக்குப் போயிராத தாயி, எவனாவது கள்ளு எறக்க ஏறிருவான்" என்றார். அவர்கூட என் மேலாடை முன்னால் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். தலை இல்லாத கம்பில், முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி அது தொங்கியது. யாரோ ஒருத்தி கூந்தலை விரித்துப்போட்டுச் சுவரைப் பார்த்து நிற்பதுபோல இருந்தது. கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெண்கள் ஒவ்வொருத்தியும் அதன் அருகே வந்ததும் தன்னையறியாமல் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். இன்ஸ்பெக்டரம்மாவும் இப்படித்தான் நிற்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு பெண் நாலு வயதுக் குழந்தையோடு வந்தாள். செங்கோட்டைக்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. செங்கோட்டை நம் மாவட்டத்தோடு சேர்ந்து அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. பேச்சில் இன்னும் மலையாளம் கலந்திருக்கும். முந்தானையை நெற்றிவரை இழுத்துச் சுற்றியிருந்தாள். வாழைநார்ச் சேலையை அவள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது குழந்தை கையை உருவிக்கொண்டு ஓடிவந்தது. நேராக என் மேலாடையிடம் வந்தது. மற்ற எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொங்கிய குஞ்சத்தை எடுத்து ஒரு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியது. மறு கைக் கட்டைவிரலை வாயில் வைத்தது. நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டது.

தூங்கப் போகிற குழந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த முகம்.

"எடி மோளே, விடு. அது அவங்க சாதனம்" என்று சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பெண் பாதியில் நின்றாள். குனிந்து குஞ்சத்தை முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"இது யாரு முடி?"

"சவுரிக்காரர்கிட்ட வாங்கினது" என்றேன். டீச்சர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னேன்.

"எந்த ஊரு சவுரிக்காரரு?"

"திருநெல்வேலி."

அவள் குஞ்சத்தின் நுனியைப் பிரித்து உள்ளங்கையில் பரப்பினாள். "இவ என் வயித்துல கெடக்கும்போது என் முடி நுனியெல்லாம் இப்படித்தான் செம்பட்டையாப் போச்சு."

"உலகத்துல உங்களுக்கு மட்டுமா செம்பட்டை முடி?"

"அதானே" என்றாள். "எனக்கு மட்டுமா." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு, "பிள்ளைக்கு அப்படித் தோணலையே மோளே. பொறந்த நாள்லேருந்து என் சடையைக் கையில சுத்திக்கிட்டுத்தான் இவ உறங்குவா" என்றாள். முந்தானையைக் கொஞ்சம் விலக்கினாள். தலையில் ஒரு மாத முடிதான் முள்முள்ளாக இருந்தது.

அவள் கூச்சல் போடவில்லை. கூச்சல் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனி மாதம் குழந்தைக்கு விடாத காய்ச்சல், கூடவே இழுப்பு. கண் திறக்காமல் எட்டு நாள் கிடந்தது. வைத்தியர் கைவிரித்தார். அருவிக்குத் தன் முடியைக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். குழந்தை கண் திறந்தது. ஆடி பிறந்ததும் போய்ச் சடையை வெட்டி, தலையை மழித்துக்கொண்டு, சடையை மஞ்சள் துணியில் முடிந்து அருவியில் விட்டாள்.

"கொடுத்தது திரும்பி வரப்பிடாது" என்றாள். "நாளைக்கு உங்க காரியம் முடிஞ்சதும் இதை அருவியில விட்டுருவியா?"

"இது உங்களது இல்லை. ஆனாலும் பார்க்கலாம்."

குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். குழந்தை அழவில்லை. தோள்மேல் தலையை வைத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டிப் போகிறவரை மேலாடையையே பார்த்துக்கொண்டு போனது.

சிநேகிதி என்னைப் பார்த்தாள். "சவுரிக்காரர்கிட்ட எப்போட்டி வாங்கினே?"

"உன் வேலையைப் பாரு."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "அந்தச் சடை எங்க கெடந்துச்சு?" என்று கேட்டேன். "பாறையில சிக்கிக் கெடந்துச்சு" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. துணி சுற்றியிருந்ததா என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒரு நாள்தான், நாளைக்கு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து சாரல். பள்ளிக்கூடத்துச் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. சிநேகிதி எனக்கு மேலாடையைப் போட்டுக் கழுத்தில் நாலு முடிச்சும் போட்டாள். அப்போதுதான் முதல் தடவையாக வெகுநேரம் அதை உடம்பில் வைத்திருந்தேன். கனத்தது. முடிக்கு அவ்வளவு கனம் இருக்காது. யாரோ களைத்துப்போய் என் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்பதுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். இடுப்பளவு நெய்தது இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

நாங்கள் வரிசையில் நின்றோம். கூடத்தின் கடைசியில், இருந்த ஒரே நல்ல சேலையை உடுத்தி அம்மா நின்றிருந்தாள். நான் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள். யாரிடமும் பேசக்கூடாது என்று சொல்லித்தான் அழைத்து வந்தேன்.

இன்ஸ்பெக்டரம்மாவின் கார் இன்னும் வரவில்லை. வாசல் வழியே நேற்று வந்தவள் வந்தாள். இடுப்பில் குழந்தை. தலை துவண்டு கிடந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேராக என்னிடம் வந்தாள். குழந்தை கண் திறக்காமலே கையை நீட்டிக் குஞ்சத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டது. அந்தக் கை என் இடுப்பில் உரசியது. கொதித்தது.

"நேத்து வீட்டுக்குப் போனதுமே சூடு வந்திருச்சு" என்றாள். "அதே சூடு. இதைத்தான் கேக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

டீச்சர் வந்தார். "யாரம்மா நீங்க? வரிசைக்குள்ளே வரக்கூடாது. ஏய், யாரு இவங்க?"

"தெரியலை டீச்சர். நேத்தே சொன்னேன், இது சவுரிக்காரர்கிட்ட..."

"பொய் சொல்லுதா."

அம்மாவின் குரல். அவள் கூடத்தின் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அருவிச் சத்தத்தில் பேசிப் பழகியவள். அவளுக்குச் சின்னக் குரலில் பேசத் தெரியாது. "நான்தான் எடுத்தேன் தாயி. பொம்பளைய குளிக்கிற பக்கம் முடி பொறுக்குதவ நான். இவ என் மவ."

வரிசையில் யாரோ, "ஏட்டி, இதானா உங்க எண்ணெய் வியாபாரம்?" என்றாள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

செங்கோட்டைக்காரி கேட்டாள்: "துணி அவுந்து போயிருந்துச்சா, அம்மே? தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள். அம்மா தலையை ஆட்டினாள். "இல்ல. மஞ்சத்துணியிலதான் சுத்தியிருந்துச்சு. முடிச்சுப் போட்டது போட்டபடி இருந்துச்சு. நான்தான் அவுத்தேன். இவ நீளமா வேணும், நீளமா வேணும்னா. இவ படிப்பு நின்னுரும்னா." பிறகு என்னைப் பார்த்தாள். அவிழ்த்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

டீச்சர் கெட்டவர் இல்லை. "குஞ்சத்தை மட்டும் கத்தரித்துக் கொடுத்துடு. மீதியைப் போட்டுக்கொண்டு நட. சீக்கிரம்" என்றார். சிநேகிதி கத்தரியோடு வந்துவிட்டாள். ஆனால் குஞ்சம் நுனி மட்டும்தான். அந்தச் சடை முழுவதும் என் முதுகில் பாவாக ஓடிக்கொண்டிருந்தது. செங்கோட்டைக்காரிக்கு நெசவு தெரியாது. இருந்தும் விரலை என் முதுகில் ஓட்டி மேலேவரை தடவிப் பார்த்துவிட்டாள்.

"நான் பாதியாவா கொடுத்தேன் மோளே?" என்றாள்.

டீச்சர் வாசலைப் பார்த்தார். "நீ இப்போ போனால் வரவில்லை என்றுதான் நான் எழுத முடியும். தெரிகிறதா?"

தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு முறைதான் இன்ஸ்பெக்டரம்மா வருவார். எனக்கு அந்த நேர்த்திக்கடனில் நம்பிக்கை இல்லை. சாரல் காலத்தில் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வரும் என்று இன்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்கிறவள்தான் நான். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா அதைத் தன் விரல் செய்ததாகத்தான் வைத்துக்கொள்வாள். அந்த முடிச்சை அவிழ்த்த விரல். எனக்காக அவிழ்த்த விரல். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

டீச்சர் சொன்னபடியே எழுதினார். தவறியதாக இல்லாமல் வராததாகக் கணக்கானதால் இன்னொரு முறை விட்டார்கள்; எனக்கு ஒரு வருஷம் போயிற்று. மறு ஆவணியில் கற்றாழை நார் உடுத்தி, அதே இன்ஸ்பெக்டரம்மா முன்னால் நடந்துதான் சான்றிதழ் வாங்கினேன்.

அன்றைக்கு மேலாடையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் பார்த்தோம். குழந்தை பிடியை விடவில்லை. விரலைப் பிரித்தால் அதன் உடம்பு விறைத்தது. இழுப்பு வந்துவிடுமோ என்று அதன் தாய் பயந்தாள். அதனால் குழந்தையை நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அது முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மூன்று பெண்களும் குற்றாலம் பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இது, கரடி வேஷமா?"

"முடி" என்றாள் அம்மா.

"யாரு முடி?"

"எல்லாரு முடியும்."

அவர் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சன்னல் வழியாகச் சாரல் அடித்தது. முடி ஈரம் வாங்க வாங்க வாசனைகள் எல்லாம் எழும்பின, எண்ணெய்க்குப் பின் எண்ணெயாக. அந்த இருக்கையில் நாங்கள் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. மேலாடை தொடையில் வந்து படிந்தது. ஒரு நரைமுடி என் உதட்டுக்குள் புகுந்திருந்தது. எடுத்தேன், இன்னொன்று இருந்தது.

சாரல் இருந்தும், ஆவணியாகிவிட்டதால் அருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பா யாரோ ஒருவரின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. "என்ன ஓய் நிறுத்திட்டீரு?" என்று அந்த ஆள் கேட்டது இங்கேவரை காதில் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

நான் பாறை ஓரமாக நின்றேன். திவலை வந்து எல்லார்மேலும் விழுந்தது. குழந்தையின் கை தானாகத் தளர்ந்து திறந்தது. அதன் தாய் உடனே வாங்கித் தன் முந்தானைக்குள் போர்த்திக்கொண்டு கரைக்குப் போனாள். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கிவிட்டது என்று பின்னால் ஆள் அனுப்பிச் சொன்னாள். அது அருவியால் இறங்கியதா, மூன்று நாளில் இறங்குகிற காய்ச்சல்தானா என்று நான் யாரோடும் வாதம் செய்வதில்லை.

கழுத்து முடிச்சு அவிழவில்லை. நனைந்த முடி இறுகிக்கொண்டது. நகம் பெயரும்வரை முயன்று பார்த்தேன். பிறகு குனிந்து, தலை வழியாக இழுத்தேன். பாதியில் அது என் முகத்தில் சிக்கிக்கொண்டது. இருட்டு. வாய், மூக்கு, கண் எல்லாம் முடி. மூச்சை இழுத்தால் முடிதான் உள்ளே வந்தது. அருவிச் சத்தம் அதற்குள் வேறு மாதிரிக் கேட்டது. நிறையப் பெண்கள் ஒரே சமயத்தில், அவசரம் இல்லாமல், தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல இருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்க நான் ஒரு கணம் அசையாமல் நின்றேன். பயந்து நிற்கவில்லை. கேட்கத்தான் நின்றேன். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு குளிர்கிறது.

அம்மாவின் கை வந்து இழுத்தது. வெளிச்சம் வந்தது.

மேலாடையைத் தண்ணீரில் விட்டேன். அது சுருண்டு மூழ்கும் என்று நினைத்தேன். மூழ்கவில்லை. முதலில் முதுகு விரிந்தது, பிறகு தோள் இரண்டும் விரிந்தன. குப்புறப் படுத்த ஆள் அளவுக்கு விரிந்து, குஞ்சம் பின்னால் வர, நிதானமாகப் போயிற்று. முதல் பாறையில் இடித்துத் திரும்பியது. இரண்டாம் பாறையைத் தாண்டியது. அங்கே அம்மாவோடு வேலை செய்கிற ஒருத்தி குச்சியோடு நின்றிருந்தாள். எட்டி ஒரு அடி வைத்தாள். மஞ்சள் துணி எதுவும் அதைச் சுற்றியிருக்கவில்லை. வழக்கப்படி அவள் எடுத்துக்கொள்ளலாம். அவள் கேட்பதுபோல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வழிவிட்டு நின்றாள்.